மேல்மாடித் தகரத்தின் கீழே இருப்பவர்களுக்காக: தாராவித் தமிழ்க் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பை தாராவியின் சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) கமிட்டிகள், கோயில் கமிட்டிகள், தமிழ் மன்றங்கள், மகளிர் குழுக்கள் ஆகியவற்றைப் பொறுப்பாக நடத்திவரும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

மழைக்கு நாம் தயாராகிறோம். மே மாதம் வந்தால் நாலா (சாக்கடைக் கால்வாய்) தூர் வாரியாயிற்றா என்று வார்டு ஆபீசில் போய்க் கேட்கிறோம். தார்ப்பாய் வாங்கிக் கூரையில் கட்டுகிறோம், அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிறோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி, மித்தி ஆறு ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெயிலுக்கு இப்படி ஒரு ஏற்பாடும் நம்மிடம் கிடையாது. வெயில் பாத்திரம் பண்டத்தை அடித்துக்கொண்டு போவதில்லை, பத்திரிகையில் படம் வருவதில்லை. மேல்மாடிக் கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) ஒரு பெரியவர் மே மாதம் இறந்துபோனால், வயசாகிவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அடுத்த மார்ச்சுக்குள் உங்கள் சந்தின் தகரக் கூரைகளை வெள்ளையாக்குங்கள். அந்தக் கூரைகளின் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். இந்த இரண்டையும் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

மும்பை வெயிலைத் தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் வைத்து எடை போடக் கூடாது. கடலோர ஊர்களில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்று சொல்லும். அந்த அளவும் கொலாபாவிலும் சாந்தாகுரூஸிலும் நிழலில், காற்றோட்டத்தில் எடுப்பது. மே மாதப் பகலில் வெயில் நேராக விழும் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அதற்கு நாலடி கீழே ஒரு ஆள் படுத்திருக்கிறார். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வேர்வை உலராது, உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. 2023 ஏப்ரலில் நவி மும்பை கார்கர் மைதானத்தில் ஒரு அரசு விழாவுக்காக மணிக்கணக்கில் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அது ராஜஸ்தான் அனல் இல்லை, நம் கடலோரத்து வெயில்தான்.

நம் இட்லிக்காரர்களை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்பே எழுந்து ஆவியில் நின்று அவித்து, சைக்கிளில் ஊரெல்லாம் விற்றுவிட்டு, அவர்கள் கண்ணயரும் நேரம் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை. தகரம் உச்சத்தில் கொதிக்கும் நேரமும் அதுதான். ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் வாட்ச்மேன்களுக்கும் இதே கதி.

இனி கூரை வேலை. இதில் தப்பு நடக்கும் இடங்கள் நிறைய, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் காலம். பலரும் ஏப்ரலில் வெயில் சுட்ட பிறகு பெயிண்டைத் தேடுகிறார்கள். ஜூனில் அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு, டயரும் செங்கல்லும் வைத்து, மறு வருஷம் வரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீலத் தார்ப்பாய் மூடிக் கிடந்தால் வெள்ளைக் கூரையால் ஒரு பயனும் இல்லை. அடியில் தேங்கும் ஈரம் பெயிண்டையும் உரித்துவிடும். மழை விட்டதும் தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். மும்பைக்கு அக்டோபரும் ஒரு கோடைதான். கூரை நன்றாகக் காய்ந்த பிறகு நவம்பரில் பெயிண்ட் அடித்தால் மார்ச் வெயிலுக்குத் தயாராகிவிடும்.

அடுத்து, கூரை எதனால் ஆனது என்று பாருங்கள். சிமெண்ட் ஷீட் என்றால் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததுதான். அதை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ, வயர் பிரஷ் போடவோ, துளைக்கவோ கூடாது. அதிலிருந்து கிளம்பும் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நன்றாக நனைத்து, மாஸ்க் கட்டிக்கொண்டு, மெத்தென்ற பிரஷால் பாசியை மட்டும் எடுங்கள். பழைய சிமெண்ட் ஷீட்டின் நடுவில் கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவார். அடியில் இரும்புக் குழாய் ஓடும் போல்ட் வரிசையின் மேல் பலகை போட்டு, அதன்மேல்தான் நடக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் அவசரமே கூடாது.

இரும்புத் தகரம் என்றால் துருப்பிடித்த இடத்தை வயர் பிரஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடியுங்கள். பளபளக்கும் புதுத் தகரத்தில் எதுவும் ஒட்டாது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தூளால் கழுவிவிட்டு, துத்தநாகப் பூச்சுக்கென்றே விற்கும் ப்ரைமர் ஒரு கோட் கொடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் வெள்ளை எனாமலை அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆயில் பெயிண்ட் துத்தநாகத்தோடு வினைபுரிந்து, ஒட்டிய இடத்தில் சோப்புப் போல ஒரு படலமாகும். அப்புறம் தோல் தோலாக உரியும். வெறும் சுண்ணாம்பு சிமெண்ட் ஷீட்டில் ஒரு கோடைக்கு நிற்கும், தகரத்தில் அதுவும் நிற்காது. கூரைக்கென்றே வரும் தண்ணீரில் கரையும் வெள்ளை அக்ரிலிக் பூச்சை வாங்குங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று டப்பாவில் எழுதியிருக்கும்.

பெயிண்டுக்கு முன்னால் ஆணி ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பழைய வாஷரை எடுத்துவிட்டு ரப்பர் வாஷர் போட்டு, சுற்றிலும் சீலன்ட் தடவுங்கள். கூரை ஒழுகினால் ஜூனில் மறுபடி தார்ப்பாய் ஏறும், அடித்த வெள்ளையும் வீண்.

கணக்கில் எல்லோரும் கோட்டை விடுவது தகரத்தின் மடிப்பில். 10-க்கு 10 கோலியின் கூரை நூறு சதுர அடி இல்லை. அலை அலையாக இருப்பதால் 115 வரும், முன்னால் நீட்டியிருக்கும் பகுதியைச் சேர்த்தால் 130. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று டப்பா சொன்னால், ஒரு கூரைக்கு 2.6 லிட்டர். 20 லிட்டர் பக்கெட் ஒன்று ஏழு கூரைக்குச் சரியாக வரும். அதனால்தான் வீடு வீடாக இல்லாமல் சந்து சந்தாகச் செய்யச் சொல்கிறோம். காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். சூடான தகரத்தில் பெயிண்ட் பிடிப்பதற்கு முன்பே காய்ந்து கொப்புளம் போடும். முதல் கோட்டை நீளவாக்கில் அடித்தால் இரண்டாவதைக் குறுக்குவாக்கில் அடியுங்கள். நடுவில் நாலைந்து மணி நேரம் விட வேண்டியிருப்பதால், இரண்டாவதை மறுநாள் காலையில் அடிப்பதே நல்லது.

இவ்வளவும் செய்தால் உள்ளே இரண்டு டிகிரியிலிருந்து ஐந்து டிகிரி வரை குறையும். ஏசி போட்டதுபோல் ஆகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மக்கள் ஏமாந்துபோவார்கள். வெள்ளை அடித்த கோலியிலும் அடிக்காத கோலியிலும் ஆளுக்கொரு தெர்மாமீட்டரை ஆள் படுக்கும் உயரத்தில் தொங்கவிட்டு, மதியம் மூன்று மணிக்குப் பார்த்து எழுதுங்கள். அந்த எண்களைக் காட்டினால் அடுத்த சந்துக்காரர்கள் தாமாகவே வருவார்கள். குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவின் சூளைப் புகையும் சாலைப் புழுதியும் படிந்து வெள்ளை மங்கும். மார்ச் முதல் வாரம் ஒரு தடவை கழுவிவிட வேண்டும்.

கூரைக்கு அடியில் தெர்மகோல் ஒட்டுவது இப்போது பரவிவருகிறது. தயவுசெய்து வேண்டாம். வயர் ஓடும் இடத்தில் அது தீப்பிடித்தால், ஒற்றை இரும்பு ஏணியில் இறங்குவதற்குள் கோலி முழுக்க நச்சுப்புகை நிறைந்துவிடும். மூங்கில் பாயோ சிமெண்ட் போர்டோ கட்டி, தகரத்துக்கும் அதற்கும் நடுவே அரையடி இடைவெளி விட்டு, இரண்டு முனையிலும் காற்று போக வழி வையுங்கள். இடைவெளியின் முனையை அடைத்துவிட்டால் சூடு அங்கேயே தங்கிவிடும்.

மேல்மாடியில் இருப்பவர் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தத்தில் இருக்கும் வாடகைக்காரர். கூரைக்குப் பெயிண்ட் அடியுங்கள் என்று கோலி முதலாளியிடம் கேட்கப் பயப்படுவார், கேட்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று. அவருக்காகக் கமிட்டிதான் பேச வேண்டும். தாராவியையே இடித்துக் கட்டப் போகிறார்களே, இப்போது எதற்குச் செலவு என்று சிலர் கேட்பார்கள். கட்டடம் எழும்ப எத்தனை வருஷம் ஆனாலும், நடுவில் வரும் ஒவ்வொரு கோடையையும் இந்தக் கூரையின் கீழேதான் கழிக்க வேண்டும்.

பட்டியலுக்கு ஒரு நோட்டு போதும். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஏணி இறங்க முடியாதவர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பகலில் தூங்குபவர்கள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், மதியம் இரண்டு மணிக்குப் போய்க் குரல் கொடுக்க ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை எழுதுங்கள். பெண்கள் ஏன் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: பொதுக் கழிப்பறைக்கு ஒவ்வொரு தடவையும் காசு, ராத்திரியில் விளக்கு இல்லை. கோடை மாதங்களில் காசு வாங்காமல், விளக்கோடு திறந்து வைக்கும்படி கழிப்பறை நடத்துபவரிடம் பேசுங்கள். அதைச் செய்யாமல் தண்ணீர் குடிங்க என்று சொல்லிப் பயனில்லை.

ஒருவர் உளற ஆரம்பித்தாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ 108-க்கு ஒருவர் போன் போடட்டும், மற்றவர்கள் அங்கேயே குளிர்விக்க ஆரம்பியுங்கள். ஆம்புலன்ஸ் நம் சந்துக்குள் வராது. சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அரை மணி நேரத்தில் மூளை பாதிக்கப்படலாம். துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இதற்காகச் சந்துக்கு ஒரு டிரம் தண்ணீர் மூடியோடு தனியாக இருக்கட்டும். டெங்கு கொசு வராமல் இருக்க வாரம் ஒரு தடவை அதைக் காலி செய்து தேய்த்து நிரப்புங்கள்.

மழைக்கும் இரண்டு விஷயம். வீட்டில் இருக்கும் எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. தண்ணீர் வழியாகக் கசியும் மின்சாரத்தை உணர்ந்து நிறுத்துவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்னும் சுவிட்ச். மீட்டருக்கு அடுத்து அதைப் போட்டு, மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் ஏறும்போது இன்வெர்ட்டரையும் நிறுத்த வேண்டும். மெயினை அணைத்தாலும் அது கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, எலிக்காய்ச்சல். வெள்ளத்தில் நடந்தவர்கள், காலில் புண் இருந்தால் கட்டாயம், 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி டிஸ்பென்சரிக்குப் போய்த் தடுப்பு மாத்திரை கேட்க வேண்டும். டாக்சிசைக்ளின் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் அது ஆகாது, மாற்று மருந்து உண்டு. அதனால் மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வெயிலை ஒரு ஆபத்தாக ஏற்றுக்கொண்டு, 2022-ல் மாநகராட்சியே பருவநிலைச் செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது. அகமதாபாத் 2013-லேயே வெயிலுக்குத் தனித் திட்டம் போட்டது, பின்னாளில் குடிசைக் கூரைகளுக்கு வெள்ளையும் அடித்தது. ஜி வடக்கு வார்டு ஆபீசுக்கு மனு எழுதும்போது இரண்டையும் குறிப்பிட்டு, கூரைப் பூச்சுக்கு நிதியும், ஏப்ரல், மே மாதங்களில் பகல் 12 முதல் 4 வரை மாநகராட்சிப் பள்ளிக் கூடங்களை முதியவர்களுக்குத் திறந்துவிடவும் கேளுங்கள். கூரை எண்ணிக்கை, சதுர அடி, நீங்கள் எழுதிவைத்த தெர்மாமீட்டர் கணக்கு மூன்றையும் இணையுங்கள். மனு டிசம்பருக்குள் போய்ச் சேர வேண்டும், பட்ஜெட் பிப்ரவரியில் வருகிறது.

இப்படிக்கு,
கூரை, மின்சாரம், சுகாதார வேலைகளில் இருக்கும் தாராவித் தமிழர்கள் சிலர்