வார்ப்புருவைக் கையால் எழுதக் கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடிவமைப்புத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு வரைகலை மென்பொருள்களைப் பற்றி நிறையச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஓர் இணையதளத்தின் வார்ப்புருவை, அதாவது அதன் பக்க அமைப்பை வகுக்கும் நிரல் கோப்பை, முதல் வரியிலிருந்து கையால் எழுதிப் பழகுவதை அநேகமாக யாரும் வலியுறுத்துவதில்லை. பல ஆண்டுகள் பக்கங்களைப் படமாக மட்டுமே வரைந்து கொடுத்துவிட்டு, பிறகு பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுத உதவும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். ஆகிய கணினி மொழிகள் இரண்டையும் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் எழுதிய வார்ப்புருவில், பக்கத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 400 பிக்சல் அகலம் கொடுத்திருந்தேன். கணினித் திரையில் அது நான் வரைந்த படத்தைப் போலவே நின்றது. 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையில் திறந்தபோதோ, கட்டங்கள் திரையைத் தாண்டிப் போய், ஒவ்வொரு வரியையும் படித்து முடிக்கப் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டியிருந்தது. ‘அனுப்பு’ என்ற சொல்லுக்கு அளந்து வைத்த பொத்தானில் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று இட்டதும் எழுத்துகள் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றன. படத்தில் திரையின் அகலத்தையும் சொல்லின் நீளத்தையும் நாமே தீர்மானித்துவிடுகிறோம். உண்மையான பக்கத்தில் இரண்டுமே நம் கையில் இல்லை. இடம் போதாதபோது கட்டங்கள் தாமே கீழே இறங்கும்படி மாற்றி எழுதி, பொத்தானின் அளவைச் சொற்களுக்கே விட்டபோது இரு குறைகளும் நீங்கின. அதன் பிறகு நான் படம் வரையும் முறையே மாறிவிட்டது.

நார்வே நாட்டுக் கணினி அறிஞர் ஹோகோன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் தரநிலையான சி.எஸ்.எஸ்., வடிவமைப்பவரின் விருப்பத்தோடு வாசகரின் விருப்பத்துக்கும் தொடக்கத்திலிருந்தே இடம் கொடுத்தது. பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கும்போது பக்கம் சிதறாமல் இருப்பதும், சுட்டியைப் பிடிக்க இயலாதவர் விசைப்பலகையாலேயே பொத்தானை எட்டுவதும் வார்ப்புருவை எழுதியவரின் கவனத்தைப் பொறுத்தவை. வரைந்த படத்தில் இவை கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

ஆயத்த வார்ப்புருக்களை நான் குறை சொல்லவில்லை. அவசர வேலைக்கு அவை கைகொடுக்கின்றன. ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவர், நிறத்தையும் படத்தையும் மாற்றுவதோடு நின்றுவிட நேர்கிறது. முன்பு பத்திகளைப் பக்கவாட்டில் நிறுத்தவே பல சுற்றுவழிகள் தேவைப்பட்டன. 2017இல் முக்கிய உலாவிகள் யாவும் சி.எஸ்.எஸ். மொழியின் ‘கிரிட்’ எனும் கட்ட அமைப்பு முறையை ஏற்ற பிறகு, அதே வேலை ஒருசில வரிகளில் முடிந்துவிடுகிறது. கற்பதற்கு ஓர் உரைத்தொகுப்பியும் (டெக்ஸ்ட் எடிட்டர்) உலாவியும் போதும்.

ஆகவே, வடிவமைப்புப் பயிற்சி தருவோர், வேறெந்த மென்பொருளுக்கும் முன்பாக, ஒரேயொரு பக்கத்தையாவது மாணவர்கள் வெற்றுக் கோப்பிலிருந்து எழுதி முடிக்கும்படி பாடத்தை அமைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் இது குறித்து ஓர் எளிய தொடரை வெளியிட்டால் பெரிதும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளரான ஒரு வாசகர்