அமெரிக்காவில் தனித்துப் பணிபுரிய விரும்பும் தமிழ்ச் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த செவிலியத் தோழியருக்கும் தோழர்களுக்கும்,

வணக்கம். ஏஜென்சிகளின் வழியே நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று பணிசெய்துவரும் உங்களில் பலர், ஏஜென்சியின் துணையின்றி அரசுக் காப்பீட்டில் நேரடியாகப் பதிவுசெய்து, செய்த பணிக்கான தொகையை உங்கள் பெயரிலேயே பெற முடியுமா என்று கேட்டுவருகிறீர்கள். முடியும். ஆனால் எல்லா மாநிலங்களிலும் முடியாது. எல்லா வகைப் பணிக்கும் முடியாது. விசா நிலை காரணமாகச் சிலருக்கு முடியாது. பதிவுப் படிவத்தைத்தான் பெரிய தடையாக எண்ணி நீங்கள் அஞ்சுகிறீர்கள். இந்த வேலையில் இருந்துவருபவள் என்ற முறையில் சொல்கிறேன், ஆக எளிய பகுதி அந்தப் படிவம்தான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதையும் பின்னால் தலையில் ஏறும் சுமையையும் விளக்குவதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் குழப்பம் வேண்டாம். மெடிகேர், வருமானம் குறைந்தோருக்கான மெடிகெய்டு ஆகிய அரசுக் காப்பீடுகள் இரண்டும் 1965-ஆம் ஆண்டு ஒரே சட்டத்தின் வழியாக வந்தவை என்பதாலும், பெயர்கள் ஒலிக்கும் விதத்தாலும், பலர் இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடுகிறார்கள். முதியோருக்கான மெடிகேர், வீட்டுச் செவிலியப் பணிக்கான தொகையை அதன் சான்றிதழ் பெற்ற வீட்டு நல ஏஜென்சிகளுக்கு மட்டுமே வழங்குகிறது. நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற உயர்நிலைச் செவிலியர்கள் தம் பெயரில் மெடிகேருக்கு பில் அனுப்பலாம், ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) அல்லது எல்.பி.என். (அதற்கு அடுத்த நிலைச் செவிலியர்) உரிமம் மட்டும் உள்ளவர்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே மெடிகேர் பதிவுத் தளத்தில் கணக்குத் தொடங்கி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்களுக்கான கதவு மெடிகெய்டு. அதிலும், மாநில அரசின் மெடிகெய்டு அலுவலகம்.

மெடிகெய்டிலும் வீட்டுச் செவிலியப் பணி என்பது ஒன்றல்ல. ஒன்று, அவ்வப்போது வந்து பார்த்துச் செல்லும் வீட்டு நலச் சேவை. இதையும் பெரும்பாலும் ஏஜென்சிகளே செய்கின்றன. அந்தப் பகுதியில் ஏஜென்சியே இல்லாதபோது மட்டும், மருத்துவரின் எழுத்துப்பூர்வ உத்தரவைப் பெற்று, உரிய ஆவணங்களைப் பராமரிக்கும் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் அதைச் செய்யலாம் என்று கூட்டாட்சி விதிகள் இடம் தருகின்றன. இப்படியொரு விதிவிலக்கு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. மற்றொன்று, பிரைவேட் டியூட்டி நர்சிங் எனப்படும் தொடர் பராமரிப்பு. வருகைச் செவிலியரால் தர முடிவதைவிடக் கூடுதலான, இடைவிடாத கவனிப்புத் தேவைப்படுவோருக்காக ஏற்பட்டது இது. வென்டிலேட்டர் எனும் சுவாசக் கருவியிலும், மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுப் பொருத்தும் டிரக்கியாஸ்டமி குழாயிலும் வாழும் குழந்தைகளின் அருகில் இரவு முழுவதும் விழித்திருக்கும் பணி இந்த வகையைச் சேர்ந்தது. தனிச் செவிலியர்களுக்கு உண்மையான வாய்ப்பு இருப்பது இங்கேதான்.

இந்த வாய்ப்பு எப்படி வந்தது என்பதை அறிந்துவைப்பது பிற்பாடு அனுமதிக்காக வாதிடும்போது உதவும். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற சிறுமிக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. மருத்துவமனையில் இருந்தால்தான் மெடிகெய்டு செலவை ஏற்கும், வீட்டுக்குச் சென்றால் பெற்றோரின் வருமானத்தைக் காட்டி மறுக்கும் என்ற நிலை இருந்தது. வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. 1981-இல் அதிபர் ரேகனே இந்த முரணை வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஆண்டு, வீட்டிலும் சமூகத்திலும் பராமரிப்பு வழங்க மாநிலங்களுக்கு விலக்கு அளிக்கும் வெய்வர் திட்டங்களும், அடுத்த ஆண்டு, பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் வழியும் சட்டமாயின. பிரைவேட் டியூட்டி நர்சிங்கை வழங்குவதா வேண்டாமா என்பது பெரியவர்களைப் பொறுத்தவரை இன்றும் மாநிலத்தின் விருப்பம். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அப்படியில்லை. மருத்துவ ரீதியாகத் தேவை என்று நிறுவப்பட்டால் மாநிலம் வழங்கியே ஆக வேண்டும். மெடிகெய்டு சட்டத்தில் 1989-இல் வலுப்படுத்தப்பட்ட குழந்தைகள் நலப் பிரிவின் கட்டளை அது. தனிச் செவிலியர்களில் மிகப் பலர் குழந்தைகளையே பராமரிப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து, நீங்கள் வாழும் மாநிலம். ஓஹையோவில் ஏஜென்சி சாராத செவிலியர் என்ற தனிப் பிரிவே இருக்கிறது. நியூயார்க்கில் தனிச் செவிலியர்கள் மாநிலத்தின் மெடிகெய்டு அமைப்பில் நேரடியாகப் பதிவுசெய்கிறார்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இதற்கான வழிகள் இருந்துவந்திருக்கின்றன. வேறு சில மாநிலங்களோ இதே பணியை ஏஜென்சிகளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருக்கின்றன. ஆகவே, அடுத்த மாநிலத்தில் இருக்கும் தோழி என்ன செய்தாள் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மாநில மெடிகெய்டு அலுவலகத்தின் வழங்குநர் (சேவை அளிப்பவர்) பதிவுப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, தனி ஆர்.என். அல்லது எல்.பி.என். பதிவுசெய்வதற்குரிய வழங்குநர் வகை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் மற்ற எதுவும் தேவைப்படாது. உரிமமும் அந்த மாநிலத்தில் செல்லுபடியாக வேண்டும். ஒரே உரிமத்தோடு பல மாநிலங்களில் பணிபுரிய உதவும் பல மாநில ஒப்பந்த உரிமம் வைத்திருப்பவர்கள், நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். எல்.பி.என். தோழர்கள், தங்களை மேற்பார்வையிட ஓர் ஆர்.என். இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும்.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் தமக்கு விசா எடுத்துக்கொடுத்த நிறுவனத்துக்கு வெளியே தனித்துத் தொழில் செய்து வருமானம் ஈட்ட முடியாது. ஓய்வு நாளில் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும், ஆட்சேர்ப்பு நிறுவனத்துடன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் பணிபுரிவதாக ஒப்புக்கொண்டீர்கள் என்பதை எடுத்துப் படித்துவிடுங்கள்.

இனி பதிவு. தேசிய வழங்குநர் அடையாள எண் என்ற பத்து இலக்க எண்ணை இணையத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கட்டணம் கேட்டால் அவர் இடைத்தரகர். விண்ணப்பிக்கும்போது நிறுவனம் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் தனிநபர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் உரிமத்துக்குப் பொருந்தும் தொழில்வகைக் குறியீட்டைத் தெரிவுசெய்து, அதையே மாநிலப் படிவத்திலும் எழுத வேண்டும். இரண்டும் மாறினால் பிற்பாடு பில் திரும்பும். பிறகு மாநிலத் தளத்தில் விண்ணப்பம், உரிம நகல், வரி அடையாள விவரம், வங்கிக் கணக்கு விவரம், வழங்குநர் ஒப்பந்தத்தில் கையெழுத்து. மருத்துவமனைகளும் ஏஜென்சிகளும் செலுத்தும் பதிவுக் கட்டணத்திலிருந்து தனிச் செவிலியருக்குக் கூட்டாட்சி விதிகளே விலக்கு அளிக்கின்றன. கூட்டாட்சித் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டோர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். பல மாநிலங்கள் குற்றப் பின்னணிச் சோதனையையும் கேட்கும். திருமணத்துக்கு முன்பும் பின்பும் வெவ்வேறு விதமாகப் பெயர் எழுதியவர்களுக்கும், தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இங்கேதான் தாமதம் ஏற்படுகிறது. உரிமத்திலும் சமூகப் பாதுகாப்பு அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

பதிவு முடிந்துவிட்டது என்ற கடிதம் வந்ததும் பணம் வரத் தொடங்கும் என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. அந்தக் கடிதம் பில் அனுப்பும் உரிமையை மட்டுமே தருகிறது. பணத்தைத் தீர்மானிப்பது நோயாளியின் பெயரில் வழங்கப்படும் முன் அனுமதி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நிலைச் செவிலியர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பவையெல்லாம் அதில்தான் இருக்கும். அதில் வேறொரு ஏஜென்சியின் பெயர் இருந்தால், நீங்கள் மாதம் முழுவதும் கண்விழித்தாலும் ஒரு டாலர்கூட வராது. எனவே பணியைத் தொடங்குமுன், குடும்பத்தார், மருத்துவர், பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் மூவரிடமும் பேசி, அனுமதிக்கப்பட்ட மணிநேரங்கள் உங்கள் வழங்குநர் எண்ணுக்கு மாற்றப்பட்டதற்கான ஆவணத்தைக் கையில் வாங்குங்கள். மருத்துவர் கையெழுத்திட்ட பராமரிப்புத் திட்டம் நடப்பில் இருக்க வேண்டும். பல இடங்களில் அதை அறுபது நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஏஜென்சியில் இருந்தபோது இதை யாரோ ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து கவனித்தார். இனி மருத்துவரின் அலுவலகத்தை விடாமல் அழைத்துக் கையெழுத்தைப் பெற வேண்டியவர் நீங்கள்.

மணிநேரங்களைக் குறைத்து அனுமதி வரும்போது உங்கள் பணிக்குறிப்புகளே சான்றாகும். "நோயாளி நிலையாக இருந்தார்" என்று எழுதிவைத்தால், நிலையாக இருப்பவருக்குச் செவிலியர் எதற்கு என்று பரிசீலிப்பவர் கேட்பார். அவர் கேட்பதில் தவறும் இல்லை. எத்தனை முறை சளியை உறிஞ்சி எடுத்தீர்கள், ஆக்சிஜன் அளவு எப்போது எந்த அளவுக்கு இறங்கியது, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அனுமதி மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ நியாய விசாரணை கோரும் உரிமை நோயாளிக்கு உண்டு. குறிப்பிட்ட கெடுவுக்குள் கோரினால், முடிவு வரும்வரை பழைய மணிநேரங்கள் தொடரவும் வழி இருக்கிறது. குடும்பத்தாருக்கு இதைச் சொல்லுங்கள்.

பில் என்பது பெரும்பாலும் 15 நிமிட அலகுகளில் கணக்கிடப்படுகிறது. எட்டு மணி நேரப் பணிக்கு 32 அலகுகள். சேவைக் குறியீடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வருகையை மின்னணு முறையில் பதிவுசெய்யும் கட்டாயம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்து, வீட்டு நலச் சேவைகளுக்கு 2023 முதல் நடைமுறையாகியிருக்கிறது. பிரைவேட் டியூட்டி பணியையும் அதில் சேர்த்திருக்கும் மாநிலங்களில், செல்போனில் பதிவான நேரமும் பில்லில் உள்ள நேரமும் பொருந்தாவிட்டால் தொகை நின்றுவிடும். பணி செய்த நாளிலிருந்து அதிகபட்சம் 12 மாதங்களுக்குள் பில் அனுப்பியாக வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மாநிலங்கள் இதைவிடக் குறுகிய கெடுவும் வைக்கலாம். வாரந்தோறும் அனுப்பிவிடுவதே நல்லது. நோயாளி தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகெய்டு திட்டத்தில் இருந்தால், மாநிலப் பதிவோடு அந்த நிறுவனத்துடனும் தனியே ஒப்பந்தம் வேண்டும். தனிச் செவிலியர்களைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் அவ்வளவாக ஆர்வம் காட்டுவதில்லை என்பது என் அனுபவம்.

பணத்தைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். மெடிகெய்டு தரும் தொகையே முழுத் தொகை. அது போதவில்லை என்று குடும்பத்தாரிடம் மேற்கொண்டு வாங்குவது விதிமீறல், அவர்களே விரும்பிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மேலும், மணி நேரத்துக்கு ஏஜென்சி தருவதைவிட அதிகம் கிடைக்கிறதே என்று மகிழுமுன், சுயதொழில் வரி 15.3 விழுக்காடு, தொழில்பொறுப்புக் காப்பீடு, உங்கள் சொந்த மருத்துவக் காப்பீடு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு இல்லாமை ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், உங்கள் வீட்டுப் பணியும் வருமானமும் அன்றே நிற்கும். இவ்வளவையும் கழித்த பிறகும் கணக்கு ஒத்துவந்தால்தான் இந்த வழியில் இறங்க வேண்டும். சிலருக்கு ஒத்துவரும், இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவுப் பணி செய்யும் சிலருக்கு ஏஜென்சியே மேல்.

இறங்குவதென்று முடிவுசெய்தவர்கள், மாநில அலுவலகக் கடிதத்தில் பதிவு நடைமுறைக்கு வரும் தேதியையும், முன் அனுமதியில் தங்கள் எண்ணையும் கண்ணால் பார்த்த பிறகே ஏஜென்சியிடம் விலகல் கடிதம் கொடுங்கள். பதிவை ஐந்து ஆண்டுகளுக்குள் மறுசரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும். அதற்கான அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய், பதிவு ரத்தானவர்கள் உண்டு. வீடு மாறினால், உரிமத்தைப் புதுப்பித்தால், வங்கியை மாற்றினால், மாநிலத் தளத்திலும் உடனே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போல் வீடுகளுக்குச் சென்று பணிபுரியும் ஒரு செவிலியர்