வென்றுகொண்டிருக்கும் பயிற்றுவிப்பாளரை எப்போது நீக்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்தைப் பற்றிச் சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழுக்குக் கடிதம் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 2025 அக்டோபரில் இரண்டு வார இடைவெளியில் அங்கு நடந்த இரண்டு பணிநீக்கங்களைப் பற்றிப் படித்தபோது, பிள்ளைகளைப் பள்ளி இணைப்பாட நடவடிக்கையில் சேர்த்துவிட்டுக் கோப்பைக்காகக் காத்திருக்கும் நம் பெற்றோரும் அதைப் பற்றிச் சற்று யோசிக்கலாம் என்று எனக்குப் பட்டது. பென் ஸ்டேட் எனப்படும் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகம் அக்டோபர் 12ஆம் தேதி தன் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஜேம்ஸ் ஃபிராங்ளினை நீக்கியது. 12 பருவங்களில் 104 வெற்றி, 45 தோல்வி என்பது அவர் கணக்கு. முந்திய பருவத்தில்தான் அணியைத் தேசிய அரையிறுதிவரை கொண்டுபோயிருந்தார். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 26ஆம் தேதி பிரையன் கெல்லியை நீக்கியது. அவருடைய கணக்கு 34 வெற்றி, 14 தோல்வி. இருவரையும் தோல்வியாளர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எதிர்பார்த்த அளவுக்கு வெல்லவில்லை என்பதுதான் குறை.

வென்றுகொண்டிருப்பவரை எப்போது அனுப்பலாம் என்று கேட்டால் என் பதில் இது: அவரிடம் “முடியாது” என்று சொல்ல அந்தக் கல்விக்கூடத்தில் ஒருவருக்கும் துணிவில்லாமல் போகும் நாளில் அவர் போயாக வேண்டும், அந்த ஆண்டு எல்லா ஆட்டங்களையும் அவர் வென்றிருந்தாலும் சரி. மற்றபடி, ஒன்பதில் வென்றவர் பத்தில் வெல்லவில்லையே என்று ஆளை மாற்றுவது பெரும்பாலும் பணத்தையும் காலத்தையும் கரைக்கும் வேலை.

இந்த ஆட்டத்தில் எனக்கு ஆர்வம் வந்தது என் மகனால். பெயர்தான் காற்பந்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் அதில் அதிகம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் அவன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 2014இல், நானும் என் மனைவியும் அவனைப் பார்க்க லிங்கன் நகருக்குப் போயிருந்தோம். நம் தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேர் அமரலாம். மொத்த மக்கள்தொகை அன்று இரண்டு மில்லியனைக்கூட எட்டியிராத அந்த மாநிலத்தில் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் 85,000 பேருக்கு மேல் அமர்கிறார்கள். 1962 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நுழைவுச்சீட்டு முழுவதும் விற்றுத் தீர்வதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தங்கள் அணி முதல் முறை புள்ளி எடுத்ததும் ஆளுக்கொரு சிவப்புப் பலூனை வானில் விடுவது அன்று அங்கே வழக்கமாக இருந்தது. என் மனைவி தன் பலூனை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றபோது, முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, விட்டுவிடுங்கள் என்று கையைக் காட்டினார். ஏதோ கோயிலில் தீபாராதனை நேரத்தில் கைகூப்பாமல் நிற்பவரைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, இங்கே ஞாயிறு இரவு, மகன் தொலைபேசியில் அழைத்தான். “அப்பா, பெலினியை நீக்கிவிட்டார்கள்.” அவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். “என்ன செய்தார்?” என்று கேட்டேன். “ஒன்பதுதான் ஜெயித்தார்” என்றான். போ பெலினி அங்கே பணியாற்றிய ஏழு பருவங்களில் ஒன்றில்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே போனதில்லை. இரண்டு நாளுக்கு முன்புதான் அயோவா அணியை அதன் சொந்தத் திடலிலேயே கூடுதல் நேரத்தில் வென்றிருந்தார். அவர் சாந்த சொரூபி அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரசிகர்களைக் கண்டபடி ஏசிய பழைய ஒலிப்பதிவு ஒன்று 2013இல் வெளியாகி, அதற்காக மன்னிப்புக் கேட்டவர் அவர். அப்போது அவர் வேலைக்கு ஆபத்து வரவில்லை. ஒன்பது வெற்றிதான் ஆபத்தாக வந்தது.

அடுத்து வந்தவர் மைக் ரைலி. அந்த ஆண்டு தம் பழைய பல்கலைக்கழகத்தில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி கண்டிருந்தவரைத்தான் ஒன்பது வென்றவரின் இடத்தில் அமர்த்தினார்கள். மூன்று பருவங்களில் 19 வெற்றி, 19 தோல்வி என்று அவர் கணக்கு முடிந்தது. பின்னர் வந்த ஸ்காட் ஃபிராஸ்ட் அதே பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்டக்காரர். மண்ணின் மைந்தர் என்று ஊரே கொண்டாடி வரவேற்றது. அவர் கணக்கு 16க்கு 31. பருவத்தில் ஆறு ஆட்டம் வென்றாலே பொதுவாகத் தகுதி கிடைத்துவிடும் பருவ முடிவுக் கோப்பை ஆட்டம் எதற்கும் 2017 முதல் 2023 வரை நெப்ராஸ்கா ஒருமுறைகூடப் போகவில்லை. இதில் எனக்கு ஆறாத வியப்பு, அதே பல்கலைக்கழகம் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அதே சூட்டை வாங்கியிருந்தது என்பதுதான். 2003இல் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி கண்ட ஃபிராங்க் சோலிக்கை நீக்கினார்கள். நெப்ராஸ்கா சராசரி அணியாக நழுவிப்போக விடமாட்டோம் என்பது அப்போதைய விளையாட்டு இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் சொன்ன காரணத்தின் சாரம். மறு ஆண்டே, 1961க்குப் பிறகு முதல் முறையாக, அந்த அணி வென்றதைவிட அதிகமாகத் தோற்றது. 2007இல் பெடர்சனும் நீக்கப்பட்டார், அவர் கொண்டுவந்த பயிற்றுவிப்பாளரும் நீக்கப்பட்டார்.

ஜார்ஜியாவை மறைத்துவிட்டு இதை எழுதினால் நேர்மையாகாது. அங்கே 15 பருவங்களில் 145 வெற்றி கண்ட மார்க் ரிக்ட்டை 2015இல் அனுப்பினார்கள். அடுத்து வந்த கெர்பி ஸ்மார்ட் 2021, 2022 பருவங்களில் தேசியப் பட்டத்தை வென்று 1980 முதல் நீடித்த ஏக்கத்தைத் தீர்த்தார். ஸ்மார்ட் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர், அலபாமா அணியின் தற்காப்பைப் பல ஆண்டு கட்டிக்காத்தவர்; தங்களுக்கு யார் வேண்டும் என்பது ஜார்ஜியாவுக்குத் தெரிந்திருந்தது. அதை எடுத்துக்காட்டாக வைத்து மற்றவர்களும் ஆளை நீக்குவது, பக்கத்து வீட்டுக்காரருக்கு டோட்டோ விழுந்ததைப் பார்த்துவிட்டு வேலையை விடுவதற்குச் சமம்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எண்களே பேசும். 2017இல் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை அழைத்துவந்த பிறகு, தேசியப் பட்டம் பொறித்த பலகை ஒன்றை, ஆண்டைக் குறிக்கும் கடைசி இரண்டு இலக்கங்களைக் காலியாக விட்டு, அவருக்குப் பரிசளித்தார்கள். 2023 நவம்பரில் அவரை நீக்கியபோது கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 76 மில்லியன் அமெரிக்க டாலர், அன்றைய மதிப்பில் நம் வெள்ளியில் 100 மில்லியனுக்கும் மேல். பலகையின் இரண்டு இலக்கங்கள் நிரம்பவே இல்லை. அவரை அங்கே கொண்டுவந்த விளையாட்டு இயக்குநர் ஸ்காட் உட்வர்டுதான் பிற்பாடு லூயிசியானாவுக்குப் போய் கெல்லியையும் நியமித்தவர். கெல்லியை நீக்கிய சில நாளில் உட்வர்டும் பதவியிழந்தார். அடுத்த பயிற்றுவிப்பாளரை அவர் தேர்ந்தெடுக்கப்போவதில்லை என்று மாநில ஆளுநரே செய்தியாளர்களிடம் அறிவித்திருந்தார்.

இனி என் பதிலின் முதல் பாதிக்கு வருகிறேன். 1978 டிசம்பர் 29ஆம் தேதி இரவு, ஃபுளோரிடாவில் நடந்த கேட்டர் கோப்பை ஆட்டத்தில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பந்தை இடைமறித்துப் பிடித்த எதிரணி மாணவரை, ஒஹாயோவின் பயிற்றுவிப்பாளர் வுடி ஹேய்ஸ் ஓரக்கோட்டின் அருகே கழுத்துப் பக்கமாகக் குத்தினார். நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. 28 பருவங்களில் 205 வெற்றிகளும் ஐந்து தேசியப் பட்டங்களும் கொண்டுவந்தவரை மறுநாள் காலையே நீக்கினார்கள். அந்த முடிவை அவரிடம் சொன்ன விளையாட்டு இயக்குநர் ஹியூ ஹிண்ட்மன், இளமையில் அவரிடமே ஆடியவர், அவருக்கே உதவியாளராகப் பணியாற்றியவர். குருவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதற்கு என்ன மனம் வேண்டும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஆனாலும் ஒஹாயோவை நான் முழுமையாகப் பாராட்ட மாட்டேன். முந்திய ஆண்டே அவர் ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளரைத் தாக்கியிருந்தார். அன்றே யாராவது ஒருவர் குறுக்கே நின்றிருந்தால் இந்த இரவு வந்திருக்காது.

குறுக்கே நிற்க முயன்று தோற்ற கதைதான் பென் ஸ்டேட்டின் பழைய கதை. ஜோ பட்டெர்னோ 1966 முதல் அங்கே தலைமைப் பயிற்றுவிப்பாளர். 2000இலிருந்து ஐந்து பருவங்களில் நான்கில் தோல்வியே மிகுந்தது. 2004இல் பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டு இயக்குநரும் அவர் வீட்டுக்கே போய், ஓய்வுபெறுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மாட்டேன் என்றார். அவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். ஆட்டக் கணக்கைப் பார்த்தால் பட்டெர்னோ சொன்னதுதான் சரி: அடுத்த பருவத்தில் 11 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்ட எவருக்கும் வாய் வரவில்லை. என் பார்வையில், அவரை அனுப்ப வேண்டிய காரணம் அந்த நான்கு மோசமான பருவங்கள் அல்ல. சம்பளம் கொடுக்கும் நிர்வாகமே வாசல்வரை வந்து கேட்டும், முடியாது என்று திருப்பி அனுப்ப ஓர் ஊழியரால் முடிந்தது என்பதே போதுமான காரணம்.

அந்த அச்சத்தின் விலை 2011 நவம்பரில் தெரியவந்தது. நெடுங்காலம் அவருக்கு உதவியாளராக இருந்த ஜெர்ரி சான்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியவர் என்ற குற்றச்சாட்டு வெடித்தது. மறு ஆண்டு 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2001இலேயே இளம் உதவியாளர் ஒருவர் குளியலறையில் தாம் கண்டதைப் பட்டெர்னோவிடம் சொல்லியிருந்தார். பட்டெர்னோ மேலதிகாரிகளிடம் சொன்னார். காவல்துறையிடம் யாரும் போகவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்ற வாக்குவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? அறங்காவலர்கள் நவம்பர் 9ஆம் தேதி இரவு, 409 வெற்றி கண்ட அந்த முதியவரைத் தொலைபேசியில் நீக்கினார்கள். மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு செய்தி வாகனத்தைக் கவிழ்த்தார்கள். பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக அதுவரை திரளாத கூட்டம் பயிற்றுவிப்பாளருக்காகத் திரண்டது.

இதையெல்லாம் தூரத்தில் இருந்துகொண்டு எழுதும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு இங்குள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் காற்பந்துக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். மணிக்கணக்கில் ஊதியம் பெற்று வெளியிலிருந்து வந்த பயிற்றுவிப்பாளர் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எங்களுக்கு வட்டாரக் கோப்பையை வென்று தந்தார். கோப்பைகள் அலுவலக வாசலில் கண்ணாடி அலமாரியில் இருந்தன. ஒரு பிற்பகல், உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலுறையைக் கழற்றிக் காட்டினான். கணுக்கால் எலும்பே தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. “சுற்றிக் கட்டி அனுப்புங்கள் சார், இருபது நிமிஷம்தானே” என்றார் பயிற்றுவிப்பாளர். பையன் என்னைப் பார்த்தான். முதலுதவிப் பெட்டி என் கையில்தான் இருந்தது. நான் சுற்றிக் கட்டினேன். ஆட்டத்தை வென்றோம், அவன் ஆறு வாரம் ஊன்றுகோலுடன் நடந்தான். விபத்துப் படிவத்தில், ஆட்டத்தின்போது இடறி விழுந்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டவனும் நான்தான். அந்த ஆண்டு இறுதியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று கேட்ட தாளில், போட்டி முடிவுகளை நிரப்பிவிட்டு, புதுப்பிக்கலாம் என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

பள்ளிகள் பயிற்றுவிப்பாளர்களின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் காலம் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. பெற்றோர் ஆதரவுக் குழுக்களில் உள்ளவர்கள் அப்போது பள்ளி முதல்வரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்: கடந்த ஓராண்டில் இந்தப் பயிற்றுவிப்பாளர் கேட்டதற்கு இங்குள்ள ஆசிரியர் ஒருவராவது மறுப்புச் சொன்னதுண்டா, எதற்காகச் சொன்னார்? என் பள்ளியில் அன்று யாராவது இதைக் கேட்டிருந்தால், பதில் சொல்ல என்னைத்தான் அழைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உட்லண்ட்ஸ்