மாடலுக்குள்ள எங்க ஊரு எவ்ளோ உயரம்? வானிலை விஞ்ஞானிகளுக்கு நீலகிரியில இருந்து ஒரு திறந்த மடல்

இந்திய வானிலை துறைக்கும், புனேயில இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமான ஐஐடிஎம் விஞ்ஞானிகளுக்கும், புவி அறிவியல் அமைச்சகத்துக்கும் வணக்கம்.

நான் ஊட்டி பக்கம் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுறவன், கொஞ்சம் தேயிலையும் இருக்கு. வானிலைய கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு சொல்றதத்தான் மாடல்ங்கிறாங்க, பூமிய சதுர கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் அது கணக்கு போடும். 2025 மே 26 அன்னிக்கு பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்னு புது முன்னறிவிப்பு மாடல ஆரம்பிச்சீங்க, அதுவரை 12 கிலோமீட்டர் கட்டமா பாத்துட்டிருந்த உலக மாடல் 6 கிலோமீட்டருக்கு வந்துச்சுன்னு கேட்டப்ப நிஜமாவே சந்தோஷப்பட்டேன். அது சாதாரண வேலை இல்ல. ஆனா மலையில இருந்து பாக்கும்போது இன்னும் எவ்ளோ தூரம் போகணும்னு சொல்லத்தான் இத எழுதுறேன்.

ஒரு கட்டத்துக்குள்ள எத்தன மேடு பள்ளம் இருந்தாலும் மாடலுக்கு ஒரே சராசரி உயரம்தான். அதுலயும் கணக்கு தடுமாறக்கூடாதுன்னு மலைய இன்னும் கொஞ்சம் இழைச்சு விடுவீங்க. ஒரு பள்ளத்தாக்க மாடல் ஒழுங்கா உணரணும்னா அது மேல ஆறேழு கட்டமாவது விழணும்னு சொல்றாங்க, அப்போ 6 கிலோமீட்டர் மாடல்ல முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலமான விஷயம்தான் தெளிவா தெரியும். மொத்த நீலகிரியும் ஒரு மேடா தெரியும், அவ்ளோதான். எங்க பள்ளத்தாக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் அகலம், அது அதுக்குள்ள இல்லவே இல்ல.

மழைய எடுத்துக்கோங்க. தென்மேற்கு பருவக்காத்து மேற்கு சரிவுல மோதி மேல ஏறி குளிர்ந்து கொட்டுது, இந்த பக்கம் இறங்கும்போது காஞ்சு போயிடுது. 2019 ஆகஸ்ட் 8 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல நீலகிரியோட மேற்கு பக்கம் இருக்கிற அவலாஞ்சியில 82 செ.மீ. மழை. அங்கிருந்து நேர்கோட்டுல அம்பது கிலோமீட்டர் சொச்சத்துல இருக்கிற கோயம்புத்தூருக்கு ஒரு வருஷம் முழுக்க கிடைக்கிறதே 60, 70 செ.மீ. தான். 100 கிலோமீட்டர் கட்டம் போட்டு ஓட்டுற உலக காலநிலை மாடல்ல இந்த ரெண்டு ஊரும் ஒரே கட்டத்துல விழலாம், மலை தட்டையாகி மழையும் பரவலாயிடும். அந்த நம்பர அப்படியே வச்சு 2050ல இந்த மாவட்டத்துல மழை இவ்ளோன்னு யாராவது அணைக்கும் ரோட்டுக்கும் திட்டம் போட்டா எனக்கு பயமா இருக்கு, ஏன்னா மேற்கு சரிவுல மண்ணு சரியுறது சராசரி மழையால இல்ல, ஒரே நாள்ல கொட்டுற மழையால.

மழையாவது கண்ணுக்கு தெரியும், உறைபனி விஷயம் அதவிட மோசம். போன ஜனவரியில ஒரு ராத்திரி போன்ல இருக்கிற ஒரு ஆப் 5 டிகிரின்னு காட்டுச்சு, காலைல போய் பாத்தா பள்ளத்துல இருந்த தேயிலை பூரா வெள்ளையா நிக்குது, வெயில் ஏறுறதுக்குள்ள ஸ்பிரிங்ளர் போட முடியல, கொழுந்தெல்லாம் கருகிடுச்சு. அதே ராத்திரி மேட்டுல இருந்த செடிக்கு ஒண்ணும் ஆகல. உயரம் கூட கூட குளிரும், ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரின்னு ஒரு கணக்கு போட்டு வெப்பநிலைய திருத்துவாங்க இல்லையா, காத்து அசையாத தெளிவான ராத்திரியில அது எங்க ஊர்ல தலைகீழா போயிடும். குளிர்ந்த காத்து கனமா இருக்கும், சரிவுல வழிஞ்சு பள்ளத்துல போய் தண்ணி மாதிரி தேங்கிடும். பள்ளமே இல்லாத மாடலுக்கு இது எப்படி தெரியும்?

கட்டத்த சின்னதாக்குறது லேசில்லன்னு எனக்கும் புரியுது. 6ல இருந்து 2 கிலோமீட்டருக்கு வந்தா நீளத்துல மூணு மடங்கு, அகலத்துல மூணு மடங்கு, நேரத்த நறுக்குறதுல மூணு மடங்கு, ஆக 27 மடங்கு கணக்கு. கட்டம் சின்னதானா மட்டும் எல்லாம் சரியாயிடாதுன்னும் தெரியும், மலை மேல அளவுமானி இல்லன்னா மாடல் சொன்னது சரியா தப்பான்னு யாரு பாக்குறது? ஆனா மலையோட வரைபடம் இல்லன்னு மட்டும் சொல்ல முடியாது, 2005ல அனுப்பின கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் எடுத்த படத்துல இருந்து 30 மீட்டருக்கு ஒரு புள்ளின்னு உயரக்கணக்கு நம்மகிட்டயே இருக்கு.

அதனால நாடு முழுக்க 1 கிலோமீட்டர்ல ஓட்டுங்கன்னு கேக்கல. மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் இமயமலைக்கும் மட்டும் தனியா நுணுக்கமான மாடல் தினமும் ஓடட்டும், பள்ளத்துக்கு ஒண்ணு சரிவுக்கு ஒண்ணுன்னு தானியங்கி வெப்பமானி வைங்க. இடம் வேணும்னா என் தோட்டத்துலயே வச்சுக்கலாம், பாத்துக்கறது என் பொறுப்பு.

இன்னொண்ணு, இதுக்கு பணமே வேணாம். ஒவ்வொரு ஊருக்கும் முன்னறிவிப்பு குடுக்கும்போது, மாடலுக்குள்ள அந்த ஊரு எத்தன மீட்டர்ல இருக்கு, நிஜத்துல எத்தன மீட்டர்னு ரெண்டு நம்பரையும் பக்கத்துல போடுங்க. 400 மீட்டர் வித்தியாசம்னு பாத்தா அந்த டிகிரிய எவ்ளோ நம்பலாம்னு நாங்களே முடிவு பண்ணிக்குவோம், டிசம்பர் வர்றதுக்குள்ள இத மட்டுமாவது செஞ்சு குடுங்க.

இப்படிக்கு,
நீலகிரியில இருந்து ஒரு விவசாயி