2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: ஊனமுற்ற, நாட்பட்ட நோயுள்ள வளர்ப்புக் கோழிகளின் பராமரிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது சங்கம் ஆற்றிய பணிகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில், ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கும் ஒரேயொரு பெட்டைக்காக ஒரு சங்கமா என்று இவ்வாண்டும் சிலர் கேட்டார்கள். பண்ணைத் தொழிலைக் குறை சொல்வதற்காக நாம் கூடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும் கோழி ஒருநாள் ஓடிவர முடியாமல் போனதும், அதைக் குழம்புக்கு அனுப்ப மனம் வராதவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கவே கூடினோம். இந்த ஓராண்டில் நம்மிடம் வந்த கோழிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதிப்படுவது இதுதான்: இவற்றுள் பலவற்றைக் காப்பாற்றியது மருந்து அல்ல, தீனியும் தண்ணீரும் அவற்றின் அலகுக்கு எட்டும்படி பார்த்துக்கொண்ட கைகள்.

இவ்வாண்டு நம்மை மிகவும் அலைக்கழித்தது அம்மை. கோடைமழைக்குப் பின் தேங்கிய நீரில் கொசு பெருகியதும் உறுப்பினர் வீடுகளில் அடுத்தடுத்துக் கோழிகளின் கொண்டையிலும் இமையிலும் கொப்புளம் கண்டது. கொசுக்கடியால் பரவும் நோய் என்பதால் ஒரு வீட்டில் கண்டது மறுவீட்டுக்குப் போக வேலி தடையாக இருக்கவில்லை. தோலில் காணும் அம்மை பெரும்பாலும் சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்து தானே வடிந்துவிடும். ஆனால் இமைகள் ஒட்டிக்கொண்ட கோழி தீனியைக் காண முடியாமல், அம்மையால் சாகாமல் பட்டினியால் சாகிறது. இதை முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் சொல்லி அனுப்பாமல் விட்டது என் குறை. சொன்ன பிறகு, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சால் கண்ணைத் துடைத்து, ஊறவைத்த கம்பும் குருணையும் கலந்து வேளாவேளைக்கு ஊட்டிய வீடுகளில் இழப்பு வெகுவாகக் குறைந்தது.

அப்படிப் பிழைத்தவற்றுள் செவலை என்ற சிறுவிடைப் (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி) பெட்டைக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. அதை வளர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பார்வையிழந்த கோழி வைத்திருக்கும் எவரும் அதைப் பின்பற்றலாம். தீனித் தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் திண்ணையின் ஒரே மூலையில், ஒரு சாண் இடைவெளியில் வைத்து, அன்றிலிருந்து இன்றுவரை அவர் இடம் மாற்றவில்லை. தீனி வைத்ததும் தட்டின் விளிம்பை நகத்தால் மூன்று முறை தட்டுகிறார். நான் போயிருந்த மாலையில் அந்தச் சத்தம் கேட்டதும் செவலை தலையை ஒருக்களித்து, கழுத்தை நீட்டி, தரையை அலகால் இரண்டு மூன்று இடங்களில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நேராகத் தட்டுக்கு வந்து சேர்ந்தது. இருட்டியதும் அம்மையார் அதை மடியில் வைத்து, கழுத்தடியில் வலப்பக்கம் இருக்கும் தீனிப்பையை விரல்நுனியால் தடவிப் பார்த்தார். அது நிறைந்திருந்தால் அன்றைக்குக் கவலையில்லை. காலையில் தடவும்போது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லுப்போல் இறுகியிருந்தால் தீனி அடைத்துக்கொண்டது என்று பொருள். கண் தெரியாத, கால் வராத, அலகு கோணிய எந்தக் கோழிக்கும் இந்த இரண்டு வேளைச் சோதனையை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நோயுற்ற கோழியை எங்கே வைப்பது என்பதில் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. தொற்றுநோய் என்றால் முழுவதும் பிரித்துவிட வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் வெறும் ஊனம் என்றால், கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால், மற்றவை பார்க்கும்படி வைப்பதே நல்லது. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டென்பதை நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எபே 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார்; நம் பாட்டிமார் எழுதாமலே அறிந்திருந்தார்கள். பல நாள் கண்ணில் படாமல் போன கோழி திரும்பி வந்தால் அது அந்நியக் கோழி. அதுவும் நொண்டியாக வந்தால் மற்றவை இரத்தம் வரும்வரை கொத்தும். இரத்தத்தைக் கண்டால் கூட்டமே சேர்ந்துகொள்ளும்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயில் தப்பிய கோழிகளுக்கு நரம்பு பாதிக்கப்பட்டுக் கழுத்து முறுக்கிக்கொள்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தானியத்தைக் குறிபார்த்துக் கொத்தினால் அலகு அரை அங்குலம் தள்ளி விழும். அகலத் தட்டில் தூவாமல் ஆழமான கிண்ணத்தில் ஈரத்தீனியாக வைத்தால், எங்கே கொத்தினாலும் வாய்க்கு ஏதாவது கிடைக்கும். பயந்தால் முறுக்கு அதிகமாகும் என்பதால் நாய், பட்டாசு, குழந்தைகளின் கூச்சல் இவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். முறுக்கு தணிய மாதங்கள் ஆகலாம், சிலவற்றுக்கு நிரந்தரமாகவும் நின்றுவிடும். இந்நோயைத் தடுக்க ஏழாம் நாளில் கண்ணில் விடும் லசோட்டா சொட்டுமருந்தும், எட்டாம் வாரத்தில் போடும் தடுப்பூசியும், கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் இலவச முகாமும் இருக்கையில் இந்த நிலைக்கு ஒரு கோழியைக் கொண்டுவருவது நம் சோம்பலே.

கால் விரிந்த குஞ்சுகள் இவ்வாண்டு மூன்று வந்தன. மூன்றுமே வழவழப்பான செய்தித்தாளின் மேல் விடப்பட்டவை. பொரித்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் இரு கால்களையும் இயல்பான இடைவெளி விட்டு மென்மையான ஒட்டுத்துணியால் இணைத்து, சாக்குத் துணியின் மேல் விட்டதில் இரண்டு தேறின; பத்து நாள் கழித்துக் கொண்டுவரப்பட்ட மூன்றாவது தேறவில்லை. விரல்கள் உள்நோக்கிச் சுருண்ட குஞ்சுக்குக் கட்டு மட்டும் போதாது, அது பெரும்பாலும் ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சத்துக்குறைவு. மருத்துவரிடம் கேட்டு உடனே கொடுக்க வேண்டும். கனத்த சேவல்களின் பாதத்தில் வரும் கறுத்த ஆணிக்கு, ஏறி உட்காரும் கட்டையின் உயரத்தைக் குறைப்பதே பாதி வைத்தியம்.

நடக்க முடியாத கோழி புழுதியில் புரள முடியாது. புரளாத கோழிக்குச் செள்ளும் பேனும் ஏறும். ஆகவே வாரம் ஒருமுறை மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த தொட்டியில் அதைத் தூக்கி வைத்து, சிறகடியில் நாமே தூவிவிட வேண்டும். கோழிக்கு வியர்வை கிடையாது, உடல் வெப்பமோ இயல்பாகவே ஏறத்தாழ 41 டிகிரி. சித்திரை வெயிலில் நிழல் நகர்ந்துபோனால் மற்ற கோழிகள் கூடவே நகரும். நொண்டிக் கோழி கிடந்த இடத்திலேயே வாய் பிளந்து கிடக்கும். சென்ற மே மாதம் நாம் இழந்த இரண்டு பெட்டைகளும் இப்படித்தான் போயின.

மருந்து குறித்து ஒரு வருத்தம். ஒரு கடையில் நம் உறுப்பினருக்கு விற்கப்பட்ட பொட்டலத்தில் ஆயிரம் கோழிக்கான அளவு மட்டுமே அச்சிட்டிருந்தது; ஒரு கோழிக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு சிட்டிகை போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிட்டிகைக் கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பது கோழிக்கும் கேடு, நமக்கும் கேடு. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019இல் மத்திய அரசு தடைசெய்ததற்குக் காரணமே, மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் மருந்து பலிக்காமல் போய்விடக் கூடாது என்பதுதான். மருத்துவர் எடைபார்த்துச் சொல்லும் அளவையே கொடுங்கள். மருந்து கொடுக்கும் காலத்திலும் அவர் சொல்லும் கெடு முடியும் வரையிலும் முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், நீங்களும் உண்ணாதீர்கள்.

இன்னொன்று என் வீட்டில் நடந்தது. ஆடி மாதத்தில் சோர்ந்து கிடந்த கறுப்பியின் அலகைத் திறந்து, அன்பு மிகுதியில் சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சினேன். நாக்குக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சிறு துளைதான் அதன் மூச்சுக்குழல் என்பது எனக்கு அப்போது தெரியாது. நீர் நுரையீரலுக்குள் போய், என் கையிலேயே அது அடங்கிப் போனது. அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, அது தானே விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். இதை ஒவ்வொரு புதிய உறுப்பினருக்கும் முதல் நாளே செய்துகாட்ட வேண்டும் என்று செயற்குழுவில் நானே முன்மொழிந்தேன், ஏற்கப்பட்டது.

எப்போது போதும் என்று நிறுத்துவது என்ற கேள்வியும் இவ்வாண்டு எழுந்தது. திரும்பத் திரும்ப வயிற்றில் முட்டை நீர் கோத்த ஒரு முதிய பெட்டைக்கு, அதை வளர்த்தவரின் ஒப்புதலோடு மருத்துவர் வலியில்லாமல் விடைகொடுத்தார். தீனியைத் திரும்பியும் பார்க்காமல், மூச்சுக்கே போராடும் கோழியை நம் மன ஆறுதலுக்காக வைத்திருக்கக் கூடாது என்பதைச் சங்கத்தின் நிலைப்பாடாகப் பதிவு செய்கிறேன்.

இறுதியாக மாரெக் நோய். 1907இல் ஹங்கேரியின் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் விவரித்த இந்த வாதநோயில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீண்டுவிடும், கிருமி புகுந்தால் ஆயுள் முழுதும் உடலில் தங்கும், வந்தபின் மருந்தில்லை. பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான் வழி. ஆனால் குப்பி பெரும் எண்ணிக்கைக்கானது, கலந்த சிறிது நேரத்திலேயே பயனற்றுப் போகும். ஆறு குஞ்சுக்காக யாரும் வாங்குவதில்லை. ஆகவே ஆவணி மாதத்தில் எல்லோரும் ஒரே நாளில் அடைவைத்தால், 21ஆம் நாள் பொரிக்கும் குஞ்சுகள் அனைத்துக்கும் ஒரே குப்பியில் போட்டுவிடலாம். அடைக்கோழி வைத்திருப்போர் முட்டை எண்ணிக்கையோடு தங்கள் பெயரை இன்று கூட்டம் கலையுமுன் என்னிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்