புல்லைப் பிடுங்கும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும், வருகிற பொதுக்குழுவில் கை தூக்கப்போகும் எல்லா வீட்டாருக்கும் வணக்கம்.

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் ஆறாவது பொருளைப் படித்தேன். 'நடு முற்றத்துப் புல்தரையை அகற்றிவிட்டுச் செயற்கைப் புல் விரித்தல்.' பக்கத்திலேயே மதிப்பீடு. தொகையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதைப் பொருளாளர் சார் என்னைவிட நன்றாகப் பேசுவார். நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தீர்மானத்தை ஆடி மாதம் வரைக்கும் தள்ளிவையுங்கள். புல் இன்னும் சாகவில்லை.

'சென்னை வெயில் தாங்காமல் கருகிவிட்டது' என்று வாட்ஸ்அப் குழுவில் பலரும் எழுதியிருந்தீர்கள். பாவம், வெயில்மேல் பழி போடாதீர்கள். அங்கே இருப்பது நர்சரிக்காரர்கள் பெர்முடா என்று விற்கும் புல். நம் அருகம்புல்லின் நெருங்கிய சொந்தம். 27 முதல் 35 டிகிரி வரைக்குமான சூட்டில்தான் இந்த வகைப் புல் நன்றாக ஓடும். அதாவது, நமக்கு வியர்த்துக் கொட்டும் நாளெல்லாம் அதற்கு நல்ல நாள். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோம். வேரோட மண் இடம் கொடுக்க வேண்டுமே!

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மோதிரம் தொலைந்துவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். மோதிரம் இல்லை, ஸ்க்ரூ டிரைவர். முந்தின நாள் தண்ணீர் விட்ட ஈர மண்ணில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் சுலபமாக இறங்க வேண்டும். பி பிளாக் ஓரத்தில் இறங்கியது. நடுவில் ஓர் அங்குலம் போய் நின்றுவிட்டது. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். அந்த இடத்தில் ஒரு கையகலப் புல்லை விரலால் நெம்பினேன். பாயைச் சுருட்டுவதுபோல அப்படியே உரிந்து வந்தது. அடியில் அரை அங்குல வேர். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடை வண்டல், காய்ந்த அப்பளம்போல. அதற்கும் கீழே இறுகிப்போன செம்மண்.

அந்த வண்டல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பர், மிக்ஜாம். பள்ளிக்கரணைப் பக்கம் இருக்கும் நமக்கு அந்த நாட்களை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்தது, சேறு தங்கிவிட்டது. புயலுக்கு முந்தின நாள் வேளச்சேரி மேம்பாலத்தில் இடம் கிடைக்காதவர்கள், கொஞ்சம் மேடாக இருக்கிறதே என்று வண்டிகளை முற்றத்தில் ஏற்றி நிறுத்தினோம். அதில் என்னுடைய காரும் ஒன்று. ஆகவே இந்த மடலில் குற்றம் சாட்டும் உரிமை எனக்குப் பாதிதான்.

வண்டிப் பாரத்தில் இறுகிய மண்ணில் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. அப்புறம் மேலே எதைக் கொட்டினாலும் வீண். போன ஐப்பசியில் யாரோ நல்ல எண்ணத்தில் ஒரு மூட்டை யூரியாவைக் கொட்டினார்கள். மறுநாள் மழை. வாசல் சாக்கடைதான் செழித்தது.

முதல் வேலை மண்ணைத் திறப்பது. கார்டன் ஃபோர்க்கை நான்கு அங்குல ஆழத்துக்குக் குத்தி, லேசாக ஆட்டி எடுக்க வேண்டும். அரை அடிக்கு ஒரு குத்து. புல்லைப் புரட்டிப் போடக் கூடாது, துளை மட்டும் விழ வேண்டும். அந்தத் துளைகளில் நம் பின்பக்கத் தொட்டியில் மக்கும் குப்பை உரத்தையே சலித்து, புல்லின் நுனி மூடாதபடி மெல்லிசாகத் தூவி, துடைப்பத்தால் தள்ளிவிட்டால் போதும். அந்த உரத்தை வாங்க ஆளில்லை என்று செயலாளர் மேடம் மாதாமாதம் சொல்கிறார். இதோ ஆள்.

இதற்கு நேரம் இப்போதுதான். மாசி பிறந்து சூடு ஏறும்போது புல் தானாக ஓட ஆரம்பிக்கும். அப்போது பட்ட காயம் சீக்கிரம் ஆறும். துளை போட்ட பிறகு யூரியா கொடுக்கலாம். நம் முற்றம் சுமார் 3,000 சதுர அடி. ஒரு தடவைக்கு 3 கிலோ தாராளம், உடனே தண்ணீர். ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை. மூட்டையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சின்ன சோதனை செய்தேன். ஸ்பிரிங்க்ளர் ஓடும் பத்து நிமிடத்துக்கு நான்கு எவர்சில்வர் டம்ளர்களை நான்கு மூலையில் வைத்தேன். ஒன்றில் ஒரு விரற்கடை தண்ணீர். இன்னொன்றில் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். அந்த மூலைதான் வைக்கோல் நிறத்தில் இருக்கிறது. கசிகிற வால்வு இருக்கும் மூலையிலோ கோரை கொழுத்துக் கிடக்கிறது. கோரையைப் பிடுங்கிப் பிடுங்கித் தோட்டக்கார அண்ணன் களைத்துவிட்டார். கிழங்கு உள்ளேயே இருக்கும்போது இலையைப் பிடுங்கி என்ன பயன்? முதலில் வால்வை மாற்றுங்கள்.

அதோடு, தினமும் பத்து நிமிடம் தெளிப்பது நம் போர் தண்ணீருக்கு ஆகவே ஆகாது. அது உப்புத் தண்ணீர். நடைபாதையில் காயும் இடமெல்லாம் வெள்ளை பூத்திருப்பதைப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் வேரடியில் தங்கும். வாரத்துக்கு இரண்டே தடவை, விடியற்காலையில், நன்றாக நனைய விடுங்கள். டம்ளரில் அளந்தால் வாரத்துக்கு மொத்தம் 25 மில்லிமீட்டர் உயரம், கத்திரியில் கொஞ்சம் கூட. தண்ணீர் தேங்கினால் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மீதியை விடலாம். ஜிப்சம் போடலாமா என்று ஒருவர் கேட்டார். களிமண்ணில் சோடியம் ஏறியிருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் காசுக்குக் கேடு. மண் பரிசோதனை செய்துவிட்டு முடிவு செய்வோம். நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் தெரியும் இலைகளுக்கு இரும்புச் சத்து தரும் அன்னபேதி உப்பு, லிட்டருக்கு 5 கிராம், சாயங்காலம் தெளித்தால் போதும். கிரானைட் திண்ணைமேல் பட்டால் துருக்கறை போகாது, ஜாக்கிரதை.

வெட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆள் மாதம் ஒரு தடவை வந்து மொட்டை அடித்துவிட்டுப் போகிறார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இலைதான் அதற்குச் சமையலறை. அதை இடித்துவிட்டால் வேர் எதைச் சாப்பிடும்? பத்து நாளைக்கு ஒரு தடவை, ஒன்றரை அங்குல உயரத்தில், இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டச் சொல்லுங்கள். பிளேடையும் சாணை பிடிக்க வேண்டும். இலை நுனியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், வெட்டியதுபோல இல்லை, தென்னை நார்போலக் கிழிந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். புங்க மரங்களின் அடியில் இந்தப் புல் வராது. 2016 வர்தாவில் பெரிய மரங்கள் சாய்ந்த பிறகு நாம்தான் அந்தக் கன்றுகளை நட்டோம். அப்போது இடுப்புயரம், இப்போது இரண்டாம் மாடியைத் தொடுகின்றன. பெர்முடாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். புல்லுக்காகப் புங்கையை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். அங்கே நிழல் தாங்கும் அகல இலை பஃபலோ புல்லை வைத்துப் பார்க்கலாம். அதுவும் வராவிட்டால் இரண்டு கல் பெஞ்சு போட்டுவிடலாம், தாத்தாக்கள் வாழ்த்துவார்கள். மற்ற சொட்டைகளுக்குப் புதுப் புல் வாங்கவே வேண்டாம். பி பிளாக் ஓரத்தில் இருப்பதையே துண்டு போட்டு, ஒரு சாண் இடைவெளியில் நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கை கோத்துக்கொள்ளும். அதுவரை பசங்களின் கிரிக்கெட்டுக்குப் பின்பக்கம்தான். அதை அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை, தலைவர் சார் சொல்லட்டும்.

செயற்கைப் புல் எப்போதும் பச்சையாக இருக்கும் என்பது உண்மைதான். கத்திரி வெயிலில் நடுப்பகலில் அதன்மேல் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டைத் தணிக்க அதற்கும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டியிருக்கும்.

இந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு முற்றத்தில் இருப்பேன். ஸ்க்ரூ டிரைவரை வாட்ச்மேன் அறையில் வைத்திருக்கிறேன், அதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக் குத்திப் பார்க்கலாம். என்னிடம் கார்டன் ஃபோர்க் ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக் தரைத்தள வாசி