பலிக்காத ஜெபமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் புனித வெள்ளிக் கட்டுரையில், சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்தது பலிக்காமல் போன ஜெபம் என்று ஒரு வரி. கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்பதோடு அந்த ஜெபம் முடியவில்லை. "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று தொடர்கிறது. கட்டுரையாளர் முதல் பாதியோடு நின்றுவிட்டார்.

இயேசு பயந்தார் என்று எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. திகிலடைந்தார் என்று சுவிசேஷம் எழுதிய மாற்குவே மறைக்காமல் சொல்கிறார். ஆனால் எதற்குப் பயந்தார்? பழைய ஏற்பாட்டில் ஏசாயா 51, எரேமியா 25 இரண்டு அதிகாரங்களிலும் பாத்திரம் என்றால் தேவகோபத்தின் பாத்திரம். நம் எல்லோருடைய பாவத்துக்கும் வரவேண்டியதை அவர் ஒருவரே குடிக்க வேண்டியிருந்தது. சிலுவையின் ஆணிக்கு மட்டும் பயந்தவர் என்றால் ஓடியிருக்கலாமே! இரவு நேரம். ஒலிவமலையைத் தாண்டினால் பெத்தானியா, அதற்கப்பால் வனாந்தரம். அவரோ "எழுந்திருங்கள், போவோம்" என்று, பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே போனார். பேதுரு வாளை உருவியபோது, பிதா கொடுத்த பாத்திரத்தில் நான் குடிக்காமல் இருப்பேனோ என்று கேட்டார். சற்று முன் நீக்கச் சொன்ன அதே பாத்திரம்! பலி அங்கேயே, முழு மனதோடு ஒப்புக்கொடுக்கப்பட்டுவிட்டது.

என் மனைவி 11 நாள் ஐ.சி.யூ.வில் இருந்தாள். வராந்தாவில் முழங்காலில் நின்று கேட்டேன். கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்த வாரமே ஒரு சபை ஊழியர் வீட்டுக்கு வந்து, விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார். அந்த வார்த்தை இன்னும் உள்ளே கிடக்கிறது. அன்று எனக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தது இந்தத் தோட்டம்தான். தேவகுமாரனே கேட்டார், பாத்திரம் நீங்கவில்லை. ஆனாலும் "அப்பா" என்றுதான் கூப்பிட்டார். அதைப் போய்ப் பலிக்காத ஜெபம் என்றால் என்னைப் போன்றவர்கள் எங்கே போய் நிற்பது?

இது முதல் தடவையும் அல்ல. போன வருடம், சிலுவையில் இயேசு சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது நம்பிக்கை இழந்தவரின் குரல் என்று ஒரு துணுக்கு போட்டீர்கள். அது வேதாகமத்தின் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அதே சங்கீதத்தின் 24ஆம் வசனம், கூப்பிட்டவனைக் கேட்டருளினார் என்கிறது. எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. அதற்கு முந்திய வருடம் அட்டையிலேயே "புனித வெள்ளி நல்வாழ்த்துகள்". துக்க நாளுக்கு யாராவது வாழ்த்துச் சொல்வார்களா? அப்புறம், இயேசுவை மறுதலித்தது பேதுரு என்பதற்குப் பதிலாக யூதாஸ் என்று ஒரு முறை அச்சாகியிருந்தது. அதற்கும் எழுதினேன். 20 வருடச் சந்தாதாரருக்கு ஒரு வரி பதில் எழுதியிருக்கக் கூடாதா?

மறுப்புக் கட்டுரை எல்லாம் கேட்கவில்லை. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் 5:7 வசனத்தை அடுத்த இதழில் ஒரு மூலையில் போடுங்கள், போதும். பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் அவர் செய்த வேண்டுதல் கேட்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. "கேட்கப்பட்டு" என்ற சொல் மட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்